விற்றதில் சேராதது

பதினொரு வருடமாக என்னிடம் இருக்கிறது
இரண்டு பேர் மட்டும் உட்காரும் இந்த ஸ்பிட்ஃபயர்.
மகள் பிறந்த பிறகும் விற்கவில்லை என்பது
வீட்டில் என் மேல் நிலுவையில் உள்ள வழக்கு.

பெசன்ட் நகர் உப்புக்காற்று
கதவின் அடிவிளிம்பைச் சுரண்டித் தின்கிறது.
ஐப்பசி பிறக்கும் முன் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பேன்.
டங் என்றால் நிம்மதி.
டப் என்றால் அடுத்த மாதச் சம்பளம்.

நின்ற இடத்தில் எண்ணெய் சொட்டும்.
குடியிருப்போர் சங்கச் செயலாளர் எழுதிய கடிதங்களை
டாஷ்போர்டு அறையில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.
பாயின்ட் இடைவெளி அளக்க
அந்தத் தாள் நான்காய் மடித்தால் சரியான கனம்.

சிக்னலில் ஆட்டோக்காரர் கேட்பார்:
"எவ்ளோம்மா குடுக்குது?"
லிட்டருக்கு என்று அர்த்தம்.
அவர் கேட்காத அர்த்தத்தில் பதில் சொல்லத் தொடங்கினால்
பச்சை விழுந்துவிடும்.

பிறந்தது இங்கிலாந்தில்தான்.
ஆனால் மெட்ராஸில் ஒரு காலத்தில் செய்த ஹெரால்டுக்கும் இதற்கும்
எலும்பு ஒன்று.
அதனால் புதுப்பேட்டையில் கபூர் பாய்
குவியலுக்குள் தோள்வரை கைவிட்டு,
பிரசவம் பார்ப்பவர் மாதிரி முகத்தை வேறெங்கோ வைத்துக்கொண்டு,
முன் சக்கரத்து ஆக்சிலை உருவித் தருவார்.
உள்ளூர்ப் பிள்ளைதான்.
விலை மட்டும் லண்டன் விலை.

ஞாயிறு ஐந்தரைக்குத் திருவான்மியூரில் கூடுவோம்.
பல் டாக்டர் யூஜின் எம்.ஜி.யில் வருவார்.
துறைமுகத்தில் கணக்கெழுதும் சாய்கீதா
கூரையை அறுத்துத் தாழ்த்திய ஃபியட்டில்.
எத்தனால் பெட்ரோல் ரப்பர் குழாயைக் கரைக்கும் கதையை
எல்லோரும் எல்லோருக்கும் சொல்வோம்,
முதன்முறை கேட்பதுபோலக் கேட்போம்.
கார்புரேட்டரைத் தொடாதே என்பவர்தான்
முதலில் தொடுவார்.

கொளஞ்சிநாதன் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குவார்.
போன ஆனியில் தன் ஹெரால்டை
ஒரு கோயம்புத்தூர்க்காரருக்குக் கொடுத்துவிட்டார்.
பையன் ஃபீஸ் என்றார். மேலே யாரும் கேட்கவில்லை.
ஆனாலும் வருகிறார்,
ஸ்பேனர்களைச் சுருட்டிய கித்தான் துணியோடு,
கார் இல்லாத கார்க்காரர்.
எது சந்தேகமாகச் சத்தம் போடுகிறதோ
அதில் ஏறிக்கொள்வார்.
போன வாரம் என்னுடையதில்.

முட்டுக்காடு பாலத்தின் மேல்
ஒரு இருமல்.
அப்புறம் காற்றின் சத்தம் மட்டும்.
எல்லோரும் ஓரம் கட்டினார்கள்.
ஐந்து பேர், ஏழு காரணம்.
பெட்ரோல் வரவில்லை என்றார் யூஜின்.
காயில் போயிருக்கும் என்றாள் சாய்கீதா.
மீன் கூடையோடு மொபெட்டில் போனவர்
"தள்ளிப் பாருங்க" என்றார், வேகம் குறைக்காமலே.

கொளஞ்சிநாதன் எதுவும் சொல்லவில்லை.
டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி
ரோட்டாரை இளவெயிலில் தூக்கிப் பிடித்தார்.
மயிரிழை போல ஒரு விரிசல்.
பிறகு சட்டைப்பையில் இருந்த மூக்குக்கண்ணாடி உறையைத் திறந்தார்.
உள்ளே கண்ணாடி இல்லை.
ஒரு ரோட்டார் இருந்தது,
துடைக்கத் தேவையில்லாத சுத்தத்தில்.

"ஹெரால்டோடது.
வித்ததுல இது சேரல."

ஆனியிலிருந்து மாசி எட்டு மாதம்.
சாய்கீதா திடீரென்று
படகுத்துறைப் பக்கம் ஏதோ பார்க்கத் தொடங்கினாள்.

கிளிப் இரண்டும் விழுந்தன.
இரண்டாவது சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.
நான் சுற்றிப் போய் இடப்பக்கம் உட்கார்ந்தேன்.
அவர் கொஞ்சநேரம் வெளியே நின்றார்.
பிறகு சீட்டைப் பின்னால் தள்ளினார்,
கண்ணாடியைத் திருத்தினார்,
மகாபலிபுரம் வரை பேசவே இல்லை.
இறங்கும்போதுதான்:
"செகண்ட் கியர் கடிக்குது. சீக்கிரம் பாத்துருங்க."

புது ரோட்டார் புதன்கிழமை வந்துவிட்டது.
பழையதைத் திருப்பித் தர வேண்டும்.
அவரும் கேட்கவில்லை,
நானும் இன்னும் பெட்டியைப் பிரிக்கவில்லை.